புல் நல்லாயிருக்கு, ஈசிஇ போட்டுரலாம்

பொறியியல் கலந்தாய்வு நெருங்கினால் தாயில்பட்டிப் பக்கம் வாடகை வேன் கிடைக்காது. இந்த வருஷமும் கிடைக்கவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார்கள். வேன்களெல்லாம் காலேஜ் பார்க்கப் போயிருந்தன. அப்பா, அம்மா, தாய்மாமா, விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி எல்லோரும் ஏறிக்கொள்கிறார்கள். கிருஷ்ணன்கோவில் பக்கம் போனால் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி என்றால் கடலைமிட்டாய், விருதுநகர் என்றால் எண்ணெய் பரோட்டா. நாலு வருஷப் படிப்பும் அடகுக்குப் போகவேண்டிய நகையும் இந்த ஒரு நாளில் முடிவாகின்றன. கல்லூரியைத் தேர்ந்தெடுக்க இதைவிட உருப்படியான வழி உண்டு, கட்டுரை முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். அதற்குமுன் புல்லைப் பற்றி ஒரு வார்த்தை.

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இந்தக் கரிசலில் நிலைத்தன. மருந்து காயவேண்டுமே என்று வெயிலை வேண்டிக்கொள்ளும் ஊர்கள் இவை. பச்சை என்று கண்ணில் படுவது சீமைக்கருவேலம் மட்டுமே. அப்படிப்பட்ட கண்ணுக்கு முன்னால் கல்லூரி வளைவைத் தாண்டியதும் அரை ஏக்கர் புல்லைக் காட்டினால் என்ன ஆகும்? அதிலும் சுற்றிச்சுற்றித் தண்ணீர் பீய்ச்சும் குழாய் இருந்துவிட்டால் முடிந்தது கதை. "எம்புட்டுப் பச்ச!" என்கிறார் மாமா. அந்த நிமிஷத்திலிருந்து புல்லே அளவுகோல். புல் ஒரே மட்டமாக இருந்தால் டிசிப்ளின் நன்றாக இருக்கிறது. நடுவே ரோஜாச்செடி நின்றால் பிளேஸ்மெண்ட் நிச்சயம். நீரூற்று இருந்தால் வெளிநாட்டுக் கம்பெனி வருகிறது. அதில் கலர் விளக்கும் எரிந்தால் அமெரிக்காக் கம்பெனி. மூலையில் கொஞ்சம் காய்ந்திருந்தால், "இங்க முன்ன மாதிரி இல்லையாம்ல" என்று அண்ணாச்சி குரலைத் தாழ்த்துகிறார். இத்தனைக்கும் அந்தப் புல்லுக்கு நடுவே 'புல்தரையில் நடக்காதீர்' என்று பலகை நட்டிருக்கிறது. ஆக, நாலு வருஷம் கட்டணம் கட்டும் பிள்ளை ஒருநாளும் கால் வைக்க முடியாத இடத்தைப் பார்த்துத்தான் அந்தப் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். அதில் தினமும் நடப்பவர் தண்ணீர் விடும் தோட்டக்காரர் ஒருவரே. வருஷம் முழுக்க ஒரே கல்லூரியில் வேலை பார்ப்பவரும் அவராகத்தான் இருக்கும், ஆனால் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை விசாரிப்பதில்லை. புல்மேல் இத்தனை கடுப்பு ஏன் என்று கேட்டால், பொறாமைதான். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருக்கிறவன் வேறு எப்படி எழுதுவான்?

தோட்டக்காரர் விஷயம் வெறும் கிண்டல் இல்லை. 2024 ஜூலையில், ஊழலை எதிர்க்கும் அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அதன்படி, 300-க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் ஏஐசிடிஇயின் விதி. விதியைத் தாளில் நிறைவேற்ற இப்படி ஒரு வழி. தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார், வகுப்பில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. வேனில் போய்ச் சுற்றிவந்த எந்தக் குடும்பமாவது இதைக் கண்டுபிடித்திருக்குமா? மே, ஜூனில் வகுப்பே பெரும்பாலும் கிடையாது; நாற்காலியையும் நீரூற்றையும்தான் பார்க்கலாம். வளைவில் பெரிதாக எழுதியிருக்கும் நாக் தரம் கல்லூரி மொத்தத்துக்குமானது. என்பிஏ அங்கீகாரம் பிரிவு பிரிவாகத் தரப்படுவது. பிள்ளை சேரும் பிரிவுக்கு அது உண்டா என்று கேட்பதற்குள் கேண்டீனில் டீ வந்துவிடுகிறது. கையில் கொடுக்கும் வழவழப்பான கையேட்டைக் கண்டு மயங்க நமக்கு உரிமையே இல்லை. அச்சடிப்பதற்குப் பேர்போன சிவகாசி பக்கத்தில்தானே இருக்கிறது? பட்டாசுக் கட்டின் லேபிளில் இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் மருந்துக்கும் என்ன உறவு என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வெடித்துப் பார்த்து, 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்குள் சத்தம் நிற்கிறதா என்று அளக்கச் சொல்கிறது சட்டம். லேபிள் அழகாயிருக்கிறது என்று எந்த வெடியையும் விட்டுவிடுவதில்லை.

"பொம்பளப் பிள்ளைய எடத்தப் பாக்காம எப்படி அனுப்புறது?" என்பார்கள். நியாயமான கேள்வி. விடுதியையும் கழிப்பறையையும் பஸ் நிற்கும் இடத்தையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஆளில்லாத விடுதியில் எல்லாக் கழிப்பறையும் சுத்தம்தான். பிள்ளைகள் நிறைந்திருக்கும் செப்டம்பரில் போய், வாசல் டீக்கடையில் மூன்றாம் வருஷப் பையன் ஒருவனைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் வண்டவாளம் முழுக்க வந்துவிடும். ஆனால் செப்டம்பரில் இங்கே தீபாவளி ஆர்டர், லீவு கிடையாது. தீபாவளி முடிந்து ஆலைகள் ஓயும்போது அங்கே செமஸ்டர் பரீட்சை. "போய்ப் பாத்தா ஒரு திருப்தி" என்பது அடுத்த வாதம். திருப்தி சரி, இடம்? கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கு வரும் கட்-ஆஃப்தான் இடத்தைத் தீர்மானிக்கிறது. மெப்கோ ஷ்லெங்க் கல்லூரியை நாம் போய்ப் பார்க்க வேண்டியதில்லை, அதுதான் நம் மார்க்கைப் பார்க்கும். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்த மார்க்கோடு நின்றது என்பதைச் செல்போனிலேயே பார்த்துவிடலாம், டீசல் செலவு இல்லை. ஆனால் அதில் புல் தெரியாதே.

இத்தனை வாதத்திலும் படிக்கப்போகிற பிள்ளையைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்று யாராவது குறை சொல்லலாம். வழக்கத்தை ஒட்டித்தான் எழுதியிருக்கிறேன். "உனக்கு என்னய்யா படிக்கணும்?" என்று அவனிடம் கேட்டுப்பாருங்கள். "கம்ப்யூட்டர் சயின்ஸ்" என்று அம்மாவும் மாமாவும் அண்ணாச்சியும் ஒரே குரலில் சொல்வார்கள்.