கேள்வி-பதில்: மந்தர ஸ்தாயிக்கு இன்னொரு துணை

கேள்வி: தோட்டத்து இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். பேட்டரி போட்டு இயங்கும் ஐந்து தந்தி வாத்தியம் ஒன்று கையில் இருக்கிறது. தீபாவளி முற்பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு இரண்டாவதாக எதை வாங்கலாம்? (ஸ்பிரிங்வெளி வாசகர்)

பதில்: அன்பரே, முதல் வாத்தியத்தால் ஆகாத காரியம் எதுவோ அதற்கென்றே இரண்டாவதை வாங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். தங்களிடமுள்ளது, நான்கு தந்திப் பேஸ் எட்டாத மந்தர ஸ்தாயி ஸ்வரங்களையும் எட்டும். ஆனால் மாரியம்மன் தேர் லயத்துப் பக்கம் திரும்பி, நள்ளிரவும் கடந்து, இளைஞர்கள் பைலா கேட்டு ஆரவாரிக்கும் வேளையில் அதனுள்ளிருக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி பிராணனை விடுமேயானால், பதுளை டவுனில் கடை திறக்கும்வரை தாங்களும் பார்வையாளர்களில் ஒருவரே. ஆகவே பேட்டரியின் தயவை நாடாத, நான்கே தந்தியுள்ள, பிரசிஷன் வகைப் பேஸைத் தேடுங்கள். லியோ ஃபெண்டர் 1951இல் அமெரிக்காவில் வெளியிட்ட அவ்வமைப்பில் பிக்கப் ஒன்று, சத்தத்திற்கொரு திருகு, டோனுக்கொரு திருகு, அவ்வளவே. பழுதானாலும் ரேடியோ திருத்துபவரே ஈயம் வைத்துச் சரிசெய்துவிடுவார். ஸ்கொயர் முதலிய பிராண்டுகளில் இவ்வகை குறைந்த விலையிலும் வருகிறது. பாவித்ததாகக் கிடைத்தால் இன்னும் நலம்.

கேள்வி: பாவித்த கிட்டாரை எப்படிப் பரீட்சிப்பது? (தெமோதரை வாசகர்)

பதில்: விற்பவர் எவ்வளவு இனிமையாக வாசித்துக் காட்டினாலும் மனம் உருகிவிடாமல், வாத்தியத்தைக் கையில் வாங்கி, தச்சர் பலகையின் கோட்டம் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதன் கழுத்தை நெடுக நோக்குங்கள். பின்னர் தடித்த தந்தியை முதல் மெட்டிலும், கழுத்து உடலைச் சேருமிடத்து மெட்டிலும் ஒருசேர அழுத்தினால், ஏழாவது எட்டாவது மெட்டுகளின்மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையுமளவு இடைவெளி தென்பட வேண்டும். அது வெகுவாக அகன்றிருந்தாலோ, அறவே இல்லாதிருந்தாலோ, கழுத்தினுள் ஓடும் இரும்புத் தண்டைத் திருகவேண்டியிருக்கும். அத்திருகை விற்பவரையே அசைத்துக் காட்டச் சொல்லுங்கள், அசையாவிடில் நன்றி கூறி விடைபெறுங்கள். பன்னிரண்டாவது மெட்டின்மேல் தந்தியை இலேசாகத் தொட்டு எழுப்பும் நாதமும், அழுத்தி எழுப்பும் நாதமும் ஒரே சுருதியில் நிற்கின்றனவா என்று கேளுங்கள். எல்லா மெட்டிலும் ஒவ்வொன்றாக வாசித்து, எங்கேனும் தந்தி சடசடக்கிறதா என்று பாருங்கள். விற்பவர் பொறுமையிழந்தால் அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் தொடருங்கள். திருகுகளைச் சுழற்றும்போது எழும் கரகரப்பு பெருங்குற்றமன்று, விலையைக் குறைத்துக் கேட்பதற்கு உதவும்.

கேள்வி: ஆடி மாதமானால் என் கிட்டாரின் மெட்டு விளிம்புகள் கையைக் கீறுகின்றன. என்ன குறை? (பசறை வாசகர்)

பதில்: வாத்தியத்தின்மேல் குற்றமில்லை, ஊவாவின் காற்றே காரணம். ஜூலை முதல் செப்டம்பர் வரை, மத்திய மலைகளைக் கடந்து ஈரமிழந்து வரும் கச்சான் காற்று, நமுனுகுலைச் சரிவுகளிலே கொழுந்துக்கு உலகமே விரும்பும் வாசனையை அளித்துக்கொண்டிருக்கும் அதே நாட்களில், கிட்டாரின் விரற்பலகையையும் உலர்த்திவிடுகிறது. மரம் சுருங்க, சுருங்காத உலோக மெட்டு வெளியே நீட்டிக்கொள்கிறது. மெல்லிய அரத்தால் விளிம்பைத் தேய்த்துவிடலாம். மார்கழி மழையில் மரம் ஈரம் குடித்துக் கழுத்து முன்வளைந்தாலோ, இரும்புத் தண்டைக் கால் சுற்று மாத்திரம் இறுக்கி, ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். லயத்தின் அடுப்புச் சுவரில் மாத்திரம் கிட்டாரை மாட்டாதீர்கள்.

கேள்வி: ஒன்று இருக்க இன்னொன்று எதற்கு என்று கேட்டால், என் கணவர் உங்கள் பதில்களைத்தான் காட்டுகிறார். (பதுளை வாசகி)

பதில்: சகோதரி, இருவருக்கும் ஆளுக்கொரு நியாயம் சொல்கிறேன். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய ஹாஃப்னர் பேஸ் 1972இல் களவுபோய், அரை நூற்றாண்டு கழித்தே அவரிடம் மீண்டது. அவர் 1963இல் பெற்ற இரண்டாவது ஹாஃப்னரோ இன்றளவும் அவர் தோளில் தொங்குகிறது. இது தங்கள் கணவர் பக்கம். ஆனால் வீட்டிலுள்ள அம்ப்பின் ஸ்பீக்கர் கிழிந்திருக்குமானால், எத்தனை கிட்டார் வாங்கினாலும் அத்தனையும் ஒரே தொண்டைக்கட்டோடுதான் பேசும். பணம் முதலில் அம்ப்புக்கே என்று தாங்கள் கண்டிப்பாகச் சொல்லலாம்.

கேள்வி: எந்த நிறத்தில் வாங்குவது? (ஹாலிஎல வாசகர்)

பதில்: விலை குறைந்த நிறத்தில்.

கேள்வி: பேஸ் சத்தம் ஒருவர் காதிலும் விழுவதில்லையே, அதற்கு ஏன் இத்தனை பாடு? (பண்டாரவளை வாசகர்)

பதில்: இளையராஜாவின் பாடலொன்றைப் போட்டு, பாடுபவர் குரலைச் சற்றே விலக்கிவைத்து, அவர் குழுவில் சசிதரன் வாசித்த பேஸை மாத்திரம் முதலிலிருந்து கடைசிவரை பின்தொடர்ந்து பாருங்கள், அடியில் தனியாகவே ஒரு பாட்டு நடந்துகொண்டிருப்பது தெரியவரும். ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’யை எந்தக் குழுவேனும் பேஸ் இல்லாமல் வாசிக்கட்டும், கூட்டம் பாடும், ஆனால் கால்கள் எழும்பமாட்டா.

கேள்வி: தந்திகளை எப்போது மாற்ற வேண்டும்? விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. (ஸ்பிரிங்வெளி, இன்னொரு வாசகர்)

பதில்: டெட்ராய்ட் நகரில் மோடவுன் இசைத்தட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், அறுந்தாலொழியத் தந்தி மாற்றாதவர் என்று பெயரெடுத்தவர். அவர் பூட்டியது தட்டைச் சுற்றுள்ள வழவழப்பான தந்தி. முதலில் விலை கூடுதலாயினும் வருஷக்கணக்கில் உழைக்கும். இரண்டாவது பேஸில் அதைப் பூட்டுங்கள், முதலாவதின் கணீரென்ற குரலுக்கு எதிரே கனத்த, உருண்ட குரலொன்று தனியே கிடைக்கும். மிச்சப்படும் காசில் உறுதியான கேபிள் ஒன்று வாங்கி, மேடையேறுமுன் இரு முனைகளையும் அசைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.