பட்டன் நல்லா இருக்கு சார்!

எங்கள் கார் அதிகம் ஓடுவதில்லை. இதில் காரின் மேல் குற்றம் எதுவும் கிடையாது. தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் நடுவே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரி மெயின் ரோட்டில் காரை இறக்குகிறவர், கேம்ப் ரோடு சிக்னல் தாண்டுவதற்குள் அன்றைய பேப்பரைத் தலையங்கம் உட்பட முடித்துவிடலாம். ஆகவே சிட்லபாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஓர் ஆல்ட்டோ 800 நின்ற இடத்திலேயே வயதாகிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயில், முகூர்த்த நாளில் கல்யாண மண்டபம், எப்போதாவது மாமனார் ஊரான திண்டிவனம். அவ்வளவுதான் அதன் உலகம்.

இந்தக் காருக்கு டயர் மாற்றப் போகிறேன் என்று அறிவித்தேன்.

"ஓடாத வண்டிக்கு எதுக்குங்க டயர்?" என்றாள் மனைவி.

மிகவும் நியாயமான கேள்வி. ஓடாததால்தான் மாற்ற வேண்டும் என்ற பதிலை நான் சொன்னபோது, அவள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

இந்த ஞானம் டெக்சாஸிலிருந்து வந்தது. அவள் தம்பிக்கு ஹூஸ்டனில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பக்கத்தில், சக்கரம் வைத்த இன்னொரு வீடும் நிற்கிறது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், குளியலறை எல்லாம் உள்ளேயே. ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் என்பார்கள். பிக்கப் வண்டியின் தொட்டியில் ஓர் இரும்புத் தட்டு பொருத்தியிருக்கும். ட்ரெய்லரின் மூக்குக்குக் கீழே தொங்கும் முளை அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும். கேட்க ஆடம்பரமாக இருந்தாலும் நமக்குத் தெரிந்த சங்கதிதான். ஒரகடத்துக்கும் துறைமுகத்துக்குமாகக் கன்டெய்னர் இழுக்கிற லாரிகளின் முதுகில் இருப்பதும் அதே தட்டு. நாம் அதில் சரக்கை மாட்டுகிறோம், அவர்கள் சமையலறையை மாட்டுகிறார்கள். நம்மூரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் ஹீரோ ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வது. அதில் குடும்பத்தோடு ஊர் சுற்றலாம் என்பது நமக்குத் தோன்றியதே இல்லை.

அந்த ஐந்தாறு டன் வீடு வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெயிலில் சும்மா நிற்கும். கோடை விடுமுறைக்கு ஆசையாக இழுத்துக்கொண்டு கிளம்புவார்கள். ஹைவேயில் ஏறியதும் டயர் வெடிக்கும். இறங்கிப் பார்த்தால் அதன் பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர் மேடுகள், அப்படியே புத்தம் புதிதாக இருக்கும். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவது அபூர்வம், வயதாகித்தான் சாகும் என்பது அந்த ஊரில் ட்ரெய்லர் வைத்திருப்பவர்களின் அரிச்சுவடி.

"மாமா, உங்க காரும் ஒரு ட்ரெய்லர்தான். நின்னுக்கிட்டேதானே இருக்கு? முதல்ல டயர்ல தேதியைப் பாருங்க" என்றான் மச்சினன், வாட்ஸ்அப் வீடியோவில்.

அக்கா வீட்டுக் காரை ட்ரெய்லர் என்றதை அக்காவே ரசித்தாள் என்பதை இங்கே பதிவு செய்துவிட்டு மேலே போகிறேன்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கோடியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். இந்த எண் பெரும்பாலும் டயரின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். டயர் மாட்டுகிறவர் எந்தப் பக்கத்தை உள்ளே தள்ளுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போன் டார்ச்சுடன் காருக்கு அடியில் மல்லாந்து நுழைந்தேன். ஆல்ட்டோ உயரமான வண்டி அல்ல. நானும் ஒல்லியான ஆள் அல்ல. வெளியே தெரிந்தவை என் கால்கள் மட்டும்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில், "கீழே பார்க்கிங்கில் யாரோ விழுந்து கிடக்கிறார்" என்று ஒரு செய்தி. "108-க்குச் சொல்லியாச்சா?" என்று அடுத்தது. "மெயின்டனன்ஸ் கட்டாதவரா?" என்று மூன்றாவது. வாட்ச்மேன் தண்ணீரோடு வந்தார். மூன்றாவது மாடிப் பெரியவர் குனிந்து என் முழங்காலிடம், "சார், சுகர் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார். நான் உள்ளிருந்து, "இருபத்திரண்டு பதினாறு!" என்று கத்தினேன். சுகர் அளவு என்று நினைத்து அவர் பதறிப்போனார்.

2216. அதாவது 2016-ன் இருபத்திரண்டாவது வாரம். மே முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் பிறந்த டயர். இந்நேரம் அதுவே நாலாவது, ஐந்தாவது படித்துக்கொண்டிருக்க வேண்டியது.

நிற்கிற டயர் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ரப்பருக்குக் காற்றிலுள்ள ஓசோன் எதிரி. அதனால் டயர் செய்யும்போதே ஒருவகை மெழுகையும் ஓசோனைத் தடுக்கும் ரசாயனத்தையும் ரப்பரோடு கலந்துவிடுகிறார்கள். சக்கரம் உருண்டு, ரப்பர் அமுங்கி விரியும்போது இவை உள்ளிருந்து கசிந்து மேலே வந்து படலமாகப் படியும். உருளாத டயரில் இந்தக் கசிவு சரியாக நடப்பதில்லை. தோல் வறண்டு, பக்கவாட்டில் மயிரிழை விரிசல்கள் விழும். சானடோரியம் சித்த மருத்துவமனைக்கு மூட்டுவலி எண்ணெய் வாங்கப் போகும் எங்கள் குடியிருப்புப் பெரியவர்களிடம் "கொஞ்சம் நடங்க ஐயா" என்று சொல்வார்களே, அதே கதைதான். ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறை விவரம் தெரிந்தவரிடம் காட்டு, பத்து வருஷம் ஆனால் பட்டன் எப்படி இருந்தாலும் கழற்றிவிடு என்று மிஷெலின் சொல்கிறது. ஆறு வருஷத்திலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு.

இவ்வளவு தெரிந்துகொண்டு எங்கள் தெருமுனைப் பஞ்சர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கட்டைவிரல் நகத்தை டயரின் பள்ளத்தில் வைத்து அழுத்தினார். வைத்தியர் நாடி பார்த்தால்கூட இத்தனை நேரம் ஆகாது. பிறகு தீர்ப்பு வந்தது.

"பட்டன் நல்லா இருக்கு சார்!"

இந்த வாக்கியத்தைத் தென்சென்னைப் புறநகரில் எதிர்த்துப் பேச முடியாது. மெக்கானிக் சொல்வார், பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கிற பையன் சொல்வான், வழியோடு போகிறவர் நின்று தடவிப் பார்த்துவிட்டுச் சொல்வார். மோட்டார் வாகன விதியும் பட்டன் கட்சிதான்: காருக்கு 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும் என்கிறது. மொட்டை டயரைப் பார்த்தால் பதறுகிற நாம், விரிசல் விட்ட டயரைப் பார்த்து, "புதுசா?" என்று விசாரிக்கிறோம்.

அடுத்து, பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பெரிய டயர் கடை. என் டயரின் அளவு 145/80 ஆர்12 74டி. இதை எழுதியவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. அகலம் மில்லிமீட்டரில் இருக்கிறது. பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று இருக்கிறது. ரிம்முக்கு வந்தால் திடீரென்று அங்குலம். 74 என்பது எடை. அதற்கென்று ஒரு தனி அட்டவணை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும் என்று தெரியவரும். நான்கும் சேர்ந்து ஒன்றரை டன். திண்டிவனத்திலிருந்து திரும்பும்போது மாமியார் ஏற்றிவிடும் அரிசி மூட்டை, மணிலா மூட்டை, தேங்காய், மாமியார் எல்லாம் இதில் அடங்கும். கடைசி எழுத்து டி, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துக்கானது. எங்கள் காரை அந்த வேகத்தில் பார்க்க வேண்டுமானால் ஏற்காடு மலையிலிருந்து தள்ளிவிட வேண்டும். மேடவாக்கம் கூட்டுரோட்டில் எனக்கு 19 கிடைத்தால் போதும்.

"பன்னெண்டு இன்ச்சா சார்? அதெல்லாம் இப்ப யார் போடறாங்க? ரிம்மோட மாத்திப் பதிமூணு போட்டுக்குங்க, அலாய் போட்டா வண்டி கெத்தா இருக்கும்" என்றார் கடைக்காரர். நிற்கிற வண்டிக்குக் கெத்து எதற்கு என்று மனைவி கேட்பாள். பன்னிரண்டிலேயே நின்றேன்.

அடுத்து பிராண்ட். டயர் விஷயத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்சி உண்டு. என்னோடு வந்த மேல்வீட்டுக்காரர் எம்.ஆர்.எஃப். பக்தர். 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ய ஆரம்பித்த கம்பெனி என்பதிலிருந்து தொடங்கி, சச்சின் பேட் ஸ்டிக்கர் வழியாக, 2023 ஜூனில் அதன் ஒரு ஷேர் லட்ச ரூபாயைத் தொட்டதுவரை வந்து சேர்ந்தார். அவரிடம் ஷேர் இருக்கிறதா என்று கேட்டேன். காலண்டர் இருக்கிறதாம். கடையில் வேலை செய்த பையன் வேறு கட்சி, முதலாளி எதில் கமிஷன் அதிகமோ அந்தக் கட்சி. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிற, தெரிந்த கம்பெனி டயர் எதுவானாலும் எங்கள் ஆல்ட்டோ தாங்கும் என்பது என் கட்சி. அதற்கு ஒரே உறுப்பினர்.

"ஃப்ரெஷ் ஸ்டாக் சார்" என்று ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்கள். நான் குனிந்து எண்ணைத் தேடினேன்.

"என்ன சார், பிஸ்கட் பாக்கெட்டா தேதி பாக்கறதுக்கு?"

பார்த்தேன். வயது ஏறக்குறைய இரண்டு. வடக்கே திருவொற்றியூர், மேற்கே ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று சென்னையைச் சுற்றி டயர் ஆலைகள் நிற்கின்றன. எங்கே பிறந்திருந்தாலும் பெருங்களத்தூருக்கு இப்படியா வந்து சேர்வது? யாராவது குச்சியால் தட்டி உருட்டிக்கொண்டு வந்திருந்தாலே முந்தைய வருஷம் வந்திருக்கும். வெயில் படாத கிடங்கில், ரிம்மில் ஏறாமல் இருக்கும் டயர் மெதுவாகத்தான் கிழடாகும் என்பது உண்மை. ஆனாலும் புது விலை கொடுக்கிறவன் ஏன் பாதி பாலபருவம் முடிந்ததை வாங்க வேண்டும்? கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்றதும் உள்ளேயிருந்து அந்த வருஷத்துச் சரக்கு வந்தது. எல்லாக் கடையிலும் உள்ளே என்று ஓர் இடம் இருக்கிறது.

விலை பேசும்போது, 2025 செப்டம்பரில் டயர் மீதான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியதை ஞாபகப்படுத்தினேன். "அதெல்லாம் கழிச்சுத்தான் சார் சொல்றேன்" என்றார். எதிலிருந்து கழித்தார் என்பது வணிக ரகசியம்.

இரண்டு மாற்றுவதா, நான்கா என்பதில் சர்வதேச மாநாடே நடந்தது. இரண்டுதான் என்றால் புதியதைப் பின்னால் போட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஈர ரோட்டில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். முன்சக்கரம் வழுக்கினாலாவது ஸ்டியரிங்கில் உணர்ந்து சுதாரிக்கலாம். ஹூஸ்டனும் இதையே சொன்னது. பெருங்களத்தூர் ஒப்புக்கொள்ளவில்லை. "முன்னாடிதான் சார் இழுக்குது, முன்னாடிதான் தேயுது, முன்னாடிதான் போடணும்." ஐப்பசி, கார்த்திகையில் முடிச்சூர் ரோட்டைப் பார்த்தவன் என்ற முறையில் நான் ஹூஸ்டன் பக்கம் நின்றேன். மனைவி போனில் முடித்துவைத்தாள்: "நாலுக்கும் ஒரே வயசுன்னா நாலையும் மாத்திட்டு வாங்க. திரும்பத் திரும்ப நீங்க வண்டிக்கடியில படுக்க வேண்டாம்."

மச்சினன் விடவில்லை. டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் உச்ச அளவுக்குக் காற்றடிக்கச் சொன்னான். ட்ரெய்லருக்கென்றே எஸ்.டி. என்று முத்திரை போட்டு வரும் டயருக்கு அந்த யோசனை சரி. காருக்கு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் வேதம். கார் டயரை ட்ரெய்லரில் போடக் கூடாது என்றும் சொன்னான். போகட்டும். கடையில் நைட்ரஜன் அடிக்கட்டுமா என்று கேட்டார்கள், சக்கரத்துக்கு இவ்வளவு என்று. நாம் இலவசமாக மூச்சுவிடும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மீதி 22-க்காகப் பணம் கொடுக்க மனம் வரவில்லை. நைட்ரஜன் அடித்த சக்கரத்துக்குப் போடும் பச்சை மூடி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன், பையன் சிரித்துவிட்டான்.

எல்லாம் முடிந்து டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி. காரோடு வந்தது, ஒருநாளும் தரையைத் தொட்டதில்லை. அச்சிலிருந்து எடுத்தபோது ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் மயிர்கள்கூட உதிரவில்லை. தேதி 2216. மச்சினனுக்கு ஐந்தாவது சக்கரம் வீட்டை இழுக்கிறது, என்னுடையது பிறந்ததிலிருந்து இருட்டில் படுத்திருக்கிறது. அதையும் மாற்றச் சொன்னேன். மேல்வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, "சார், அதுல பட்டன்..." என்றார். தெரியும் என்றேன்.

பழைய டயர்களுக்கு எக்ஸ்சேஞ்ச் விலை பேசியபோதுதான் கடைக்காரரின் முழுத் திறமை வெளிப்பட்டது. "பட்டன் நல்லா இருக்கே" என்று இந்த முறை நான் சொன்னேன். அவர் டயரைத் திருப்பிப் போட்டு, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "பட்டன் இருந்து என்ன சார், இருபத்திரண்டு பதினாறு! பத்து வருஷத்து டயர்! விரிசல் பாருங்க!" என்றார். தேதி படிக்க அவருக்கும் நன்றாகவே தெரிந்திருக்கிறது. விற்கும்போது பிஸ்கட் பாக்கெட், வாங்கும்போது ஜாதகம்.

அவர் கொடுக்க முன்வந்த தொகையைவிட, அந்த டயர்கள் அடுத்து எந்த வண்டியில் ஏறும் என்பதுதான் உறுத்தியது. வீட்டுக்கு எடுத்து வந்தாலும் தொல்லை. மழைநீர் தேங்கினால் டெங்கு கொசு குடியேறும், மாநகராட்சிக்காரர்கள் வந்து சத்தம் போடுவார்கள். போகிக்குக் கொளுத்துகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். 2018 போகியன்று அந்தப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊருக்குப் பறந்தன. ஆகவே அங்கேயே பக்கவாட்டில் கத்தியால் கிழித்துவிடச் சொன்னேன். ரப்பர் தூளாக்குகிறவர்களுக்குப் போகட்டும். கிழித்த டயருக்குப் பாதி விலைதான் என்றார். சரி என்றேன்.

உங்கள் வண்டியும் பாதி நாள் நிற்கிற ரகமா? இன்றைக்கே கீழே போய் அந்த நான்கு எண்ணைப் படியுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். கடைசி இரண்டு எண்கள் 20-க்குக் கீழே இருந்தால் பக்கவாட்டை ஒருவரிடம் காட்டுங்கள். அவர் கட்டைவிரல் நகத்தைப் பள்ளத்தில் வைத்தாரென்றால், அடுத்த கடைக்குப் போங்கள்.