பாட்டு வருது, பேச்சு வரலை!

கேள்வி: பக்கவாதத்தில் பேச்சிழந்த என் மாமா, ‘தண்ணி’ என்று கேட்கத் திணறுகிறார். பழைய சினிமாப் பாட்டை மட்டும் முழுசாகப் பாடுகிறார். நடிப்போ என்கிறார் அத்தை!

பதில்: அத்தையின் சந்தேகத்துக்கு மருந்து இல்லை, மாமாவின் நிலைக்குப் பெயர் உண்டு: அஃபேசியா. பேச்சு பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கக் குடித்தனம். மெட்டுக்கு வலப்பக்கமும் வாடகைக்கு இடம் தருகிறது. அதனால் ஒரு வீடு இடிந்தாலும் பாட்டு பிழைத்துக்கொள்கிறது. பிழைப்பது பாட்டு மட்டுமல்ல: பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் 1861-இல் டாக்டர் ப்ரோக்கா பார்த்த லெபோர்ன் என்பவர், எதைக் கேட்டாலும் ‘டான், டான்’ என்பார். கோபம் வந்தால் மட்டும் வசவு தெளிவாக வரும்! (நம் ஊரிலும் வசவுக்கு யாரும் யோசிப்பதில்லை.) அவர் இறந்தபின் பார்த்தால், மூளையின் இடது முன்பகுதியில் சேதம்.

1973-இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இந்தப் பாட்டு வழியையே சிகிச்சையாக்கினார்கள்: சிறு வாக்கியத்தை ராகம் போட்டு இழுத்து, இடது கையால் தாளம் தட்டி, பிறகு மெட்டை மெல்ல மெல்ல உருவிவிடுவது. எல்லாருக்கும் பலிக்காது, பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். அதுவரை அத்தையை, “தண்ணி வேணுமா” என்பதை ராகமாகக் கேட்கச் சொல்லுங்கள். சுருதி பிசகினால் மாமா தெளிவாகத் திட்டக்கூடும்!