பூச்செண்டும் பொத்தான் துளையும்

ஆங்கிலேயரின் தேவாலயத் திருமணத்தில் மணமகள் கையில் ஏந்திவரும் மலர்க்கொத்துக்குப் பூச்செண்டு என்றும், மணமகனும் அவனைச் சார்ந்த ஆடவரும் கோட்டின் இடப்பக்கக் கழுத்துமடிப்பில் அணிந்துகொள்ளும் ஒற்றைப் பூவுக்குப் பட்டன்ஹோல் என்றும் பெயர். பின்னது எத்தகையது என்று அறிய விரும்பும் தமிழ் வாசகர் நேருவின் படத்தை நினைவுகூர்ந்தால் போதும். ஆனால் நேருவின் ரோஜா எதனோடும் பொருந்த வேண்டிய கட்டாயமற்ற சுதந்திரப் பூ என்பதையும் சேர்த்து நினைவில் கொள்ள வேண்டும். திருமணக் கோட்டின் ரோஜாவோ மணமகளின் செண்டிலுள்ள ரோஜாவோடும், தோழியர் கைகளிலுள்ள சிறுசெண்டுகளோடும், அத்தோழியரின் உடையோடும், அவ்வுடைக்கென்றே வாங்கப்பட்ட மணமகனின் கழுத்துப்பட்டையோடும் நிறத்தில் ஒத்திருக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். இச்சட்டம் மணமகனோடு நின்றுவிடுவதில்லை. மாப்பிள்ளைத் தோழன், விருந்தினரை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் அஷர்கள் எனப்படும் நண்பர்கள், இருவீட்டுத் தந்தையர் ஆகிய எல்லோர் மார்பிலும் அதே ரோஜா அதே நிறத்தில் அதே அளவில் விளங்கியாக வேண்டும்.

இப்பணியின் முதற்சிக்கல், எது எதற்குப் பொருந்த வேண்டும் என்பதிலேயே தொடங்குகிறது. தோழியரின் துணியை முதலில் முடிவுசெய்து அதற்கேற்ற ரோஜாவைத் தேடுவது ஒரு முறை; ரோஜாவை முதலில் தேர்ந்து அதற்கேற்ற துணியைத் தேடுவது மற்றொரு முறை; நடைமுறையில் இவ்விரண்டும் வெவ்வேறு ஊர்க் கடைகளில் ஒரே வாரத்தில் நடந்தேறிவிடுவதால், மணமகனின் கழுத்துப்பட்டை இரண்டுக்கும் நடுவராக அமர்த்தப்படுகிறது. அவனுடைய கருத்தும் கேட்கப்படுவதுண்டு. "இளஞ்சிவப்பு" என்று அவன் சொல்லும் விடை பிழையானதன்று. முகவரி கேட்டவரிடம் ஆசியாக் கண்டம் என்று சொல்லும் அளவுக்கு அது சரியானதே. பூக்கடையில் இளஞ்சிவப்பு என்று ஒன்று விற்கப்படுவதில்லை. நாணத்தால் சிவந்த கன்னத்தின் பெயரால் வழங்கும் ப்ளஷ் உண்டு, பீச் பழத்தின் பெயர்கொண்டது உண்டு, டஸ்கி பிங்க் எனப்படும் மங்கிய இளஞ்சிவப்பு உண்டு; இவற்றுள் ஒன்றை மற்றொன்றாகக் கருதியதால் மணப்பெண்ணும் அவள் தமக்கையும் பேசாதிருந்த வாரங்களும் உண்டு.

வெள்ளையைத் தேர்ந்தால் தப்பிக்கலாம் என்று எண்ணுவோர் வெள்ளையை அறியாதவர். ஐவரி எனப்படும் தந்த வெள்ளை, க்ரீம் எனப்படும் பாலேட்டு வெள்ளை, ஷாம்பெய்ன் மதுவின் சாயலுள்ள வெள்ளை என்று வெள்ளை பலவாதலின், மணமகளின் உடை தந்த வெள்ளையாக இருக்க, செண்டிலுள்ள ரோஜா தூய வெள்ளையாக அமைந்துவிட்டால், பெருந்தொகை கொடுத்துத் தைத்த உடை நன்றாக வெளுக்கப்படாத உடையைப் போலத் தோன்றத் தொடங்கும். இதன் காரணத்தை விளக்கியவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலர். பாரிசின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அவரிடம், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற முறையீடு வந்தது. சாயத்தைச் சோதித்துப் பார்த்ததில் அதில் குறையேதும் இல்லை என்றும், கறுப்பு நூலை மங்கவைப்பது அதனருகில் நெய்யப்பட்ட வேற்று நிறமே என்றும் அவர் கண்டார். அடுத்தடுத்து வைக்கப்படும் இரு நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்னும் இவ்விதியை 1839-இல் அவர் நூலாக வெளியிட்டார். குறை தன்னிடம் இல்லை, பக்கத்திலிருப்பவரிடம்தான் இருக்கிறது என்ற இக்கருத்தைச் சம்பந்திகள் எந்த ஆய்வுமின்றி அதற்கு முன்பே அறிந்திருந்தனர் என்றாலும், அதை நிறங்களுக்கும் பொருத்திக் காட்டிய பெருமை ஷெவ்ரலையே சாரும். அவர் 102 வயது வரை வாழ்ந்தார். திருமணங்களுக்குப் பூத் தேர்ந்தெடுக்கும் தொழிலில் அவர் ஈடுபட்டதாகத் தெரியவில்லை.

ஒளியும் தன் பங்குக்குக் குழப்பம் செய்கிறது. ஓர் ஒளியின்கீழ் ஒன்றாகத் தோன்றும் இரு நிறங்கள் வேறோர் ஒளியின்கீழ் வேறுவேறாகத் தோன்றுவதை நிற அறிவியலார் மெட்டமெரிசம் என்பர். துணிக்கடையின் குழல்விளக்கில் ரோஜாவோடு இரட்டைப் பிறவியாகத் தோன்றிய கழுத்துப்பட்டை, தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரத்தின்கீழ் தூரத்து உறவாகி, மாலை விருந்துக் கூடாரத்தின் மஞ்சள் விளக்கில் உறவை முறித்துக்கொள்வது இதனாலேயே. பூக்களின் நிறத்தை ஐயமின்றிக் குறிக்கவே இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைக் கழகம் 1966-இல் ஒரு நிற அட்டைத் தொகுப்பை வெளியிட்டது. இன்றைய பதிப்பில் 900-க்கும் மேற்பட்ட நிறங்கள் எண்ணிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு நிறக்கட்டத்திலும் துளை ஒன்று இருக்க, அதன் அடியில் இதழை வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாவரங்களைப் பெயரிட்டுப் பதிவுசெய்யும் அறிஞர்களுக்காக அமைந்த இக்கருவியை மணவீட்டார் வாங்காமலிருப்பது நன்று. 900 நிறங்களுக்கும் எண் இருப்பதை மணமகளின் தாய் அறிந்துகொண்டால் திருமணத் தேதி தள்ளிப்போகும்.

எதுவும் எதனோடும் அச்சாகப் பொருந்த வேண்டும் என்ற இவ்வெதிர்பார்ப்பே மனிதர்க்குச் சாயத்தொழிற்சாலை கற்றுக்கொடுத்த பழக்கம் என்று கருத இடமுண்டு. 1856-இல், 18 வயது வில்லியம் பெர்க்கின், மலேரியாவுக்கு மருந்தான குவினைனைச் செயற்கையாகச் செய்ய முயன்று தோற்று, அத்தோல்வியின் கசடிலிருந்து மாவ் என்ற இளஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். 1858-இல் விக்டோரியா அரசி தம் மூத்த மகளின் திருமணத்திற்கு அவ்வகை இளஊதா உடுத்தி வந்தார். அந்நிறம் அக்கால நாகரிகமாயிற்று. வேர்களையும் பட்டைகளையும் காய்ச்சிய காலத்தில், இந்த மாதம் சாயமேற்றிய துணி சென்ற மாதத்துத் துணியை ஏறக்குறைய ஒத்திருந்தாலே மக்கள் மகிழ்ந்தனர். ஆலைச் சாயம் பெருகிய பின்னரோ, ஆயிரம் முழத் துணியும் ஒரே நிறமாக இருப்பது இயல்பென்றும், இல்லாதது குற்றமென்றும் ஆகிவிட்டது. துணி அதற்கு இணங்கியது. ரோஜாவை யாரும் கேட்கவில்லை.

ரோஜாவின் சிவப்புக்கும் இளஞ்சிவப்புக்கும் காரணமான அந்தோசயனின் என்னும் நிறமி, இதழின் செல்களுக்குள் இருக்கும் சாற்றுப்பையில் கரைந்து கிடக்கிறது. அச்சாற்றின் அமிலத்தன்மை மாறினால் நிறமும் மாறும். பூ மூப்படையும்போது அமிலத்தன்மை குறைவதால் பல சிவப்பு ரோஜாக்கள் நீலம் பாய்ந்து ஊதாவை நோக்கி நகர்கின்றன. ஆகவே புதன்கிழமை கழுத்துப்பட்டையோடு ஒப்பிட்டுத் தேறிய ரோஜா சனிக்கிழமை மீண்டும் தேர்வு எழுத வேண்டியுள்ளது. அதற்கு முன்பே அது கணிசமான உலக அனுபவம் பெற்றிருக்கும். பிரிட்டனில் விற்கும் ரோஜாக்களில் பல, கென்யாவின் நைவாஷா ஏரிக்கரையில் மொக்காக வெட்டப்பட்டு, குளிர்பெட்டிகளில் விமானமேறி வருபவை. நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் ஏலத்தில் கைமாறி வருபவையும் உண்டு; அங்கு விலை உச்சத்திலிருந்து கீழிறங்கிக்கொண்டே வர, முதலில் பொத்தானை அழுத்துபவருக்கே பூ சொந்தமாகிறது. இவ்வளவு தொலைவு வந்த மொக்கைப் பூக்கடைக்காரர் இரண்டு மூன்று நாள் நீரில் வைத்து மலரச் செய்கிறார். எத்தனை விழுக்காடு மலரும் என்று அவரிடம் உறுதி கேட்கும் மணமகள்கள் இருக்கிறார்கள்.

செண்டையும் கோட்டுப்பூவையும் பொருத்துவதிலுள்ள ஆழமான முரண் இங்கேதான் வெளிப்படுகிறது. செண்டுக்கு முழுதாக விரிந்த ரோஜா வேண்டும். கோட்டுக்கோ பாதி விரிந்த மொக்கு வேண்டும், ஏனெனில் விரிந்த ரோஜா மடிப்பில் முட்டைக்கோசைப் போலக் குந்திவிடும். 15 ஆண்டு உழைப்பில் உருவாக்கி 2006-இல் செல்சி மலர்க்காட்சியில் டேவிட் ஆஸ்டின் நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஜூலியட்' என்ற ரோஜா, இதழ் நெருங்கிக் கிண்ணம்போல் விரிவது; செண்டில் அது பேரழகு, கோட்டிலோ அணிந்தவரின் முகவாய்க்கட்டைக்குப் போட்டி. ஒரே செடியின் ஒரே வகை ரோஜாவே ஆயினும், மலர்ந்ததும் மலராததும் ஒரே நிறமாக இருப்பதில்லை. இதற்கு மாற்றாக, ஒரே காம்பில் பல சிறுபூக்கள் பூக்கும் ஸ்ப்ரே ரோஜாவைக் கோட்டுக்குப் பயன்படுத்தலாம் என்பர். அளவு பொருந்தும், ஆனால் அது வேறு வகையாதலால் நிறம் பொருந்தாது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கோணும் இவ்விடத்தில், தமிழ்த் திருமணத்தின் மாலைமாற்றும் சடங்கைப் பாராட்டாமல் இருக்க இயலாது. ஒரே கடையில் கட்டிய இரு மாலைகளும் மணமக்கள் கழுத்துகளுக்கிடையே மூன்று முறை மாறிவிடுவதால், யாருடைய மாலை யாருடையதோடு பொருந்தவில்லை என்று குற்றம் சுமத்த எவருக்கும் ஆதாரம் கிடைப்பதில்லை.

நீலத்தை விரும்பும் மணமகளின் நிலை தனி. ரோஜாவின் இதழ்களில் நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமி இயற்கையில் இல்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனமும் அதன் ஆஸ்திரேலியத் துணைநிறுவனமும் பான்சிப் பூவின் மரபணுவை ரோஜாவுக்குள் புகுத்தி 2004-இல் நீல ரோஜாவை அறிவித்தன. 2009-இல் ஜப்பானில் அது விற்பனைக்கும் வந்தது. கண்கொண்டு பார்த்தவர்களுக்கு அது நீலத்தைவிடப் பெர்க்கினின் மாவ் நிறத்துக்கே நெருக்கமாகத் தெரிந்தது. கடைகளில் கிடைக்கும் அப்பழுக்கற்ற நீல ரோஜா, வெள்ளை ரோஜாவுக்குச் சாயநீரைக் குடிக்கக் கொடுத்தோ சாயத்தைத் தெளித்தோ செய்தது. அணியும் பூவுக்கு நிறம் ஏற்றுவதில் ஆஸ்கர் வைல்டு முன்னோடி. 1892-இல் தம் நாடகமொன்றின் முதல் அரங்கேற்றத்துக்கு அவரும் நண்பர்களும் பச்சை நிறக் கார்னேஷன் பூக்களைக் கோட்டில் அணிந்து வந்தனர். அது எதனோடும் பொருந்தவில்லை, பொருந்தாமையே அதன் நோக்கம்.

பூவைத் தேர்ந்தபின் அதை அணியும் நிலை வருகிறது. ரோஜாவின் காம்பைக் குட்டையாக வெட்டிவிட்டு, பூவின் அடிக்கிண்ணத்தினூடே மெல்லிய கம்பியைச் செலுத்தி, இழுத்தால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பச்சை மெழுகுநாடாவைச் சுற்றி, ஓர் இலையைச் சேர்த்துக் கட்டுவர். விக்டோரியா தம் செண்டிலிருந்து கொடுத்த பூவுக்காக அவரை மணந்த இளவரசர் ஆல்பர்ட் தம் கோட்டைக் கத்தியால் கிழித்துத் துளையிட்டார் என்றொரு கதை வழங்குகிறது. இன்றைய கோட்டுகள் பலவற்றில் அத்துளை வெறும் தையல் அலங்காரமே, திறக்காது. ஆகவே முத்துத்தலை ஊசியால் பின்புறமிருந்து குத்த வேண்டும். இடப்பக்கம், காம்பு கீழ்நோக்கி, பூ சற்றே வெளிப்புறம் சாய்ந்து இருக்க வேண்டும் என்பது விதி. கணிதத்தில் பட்டம் பெற்றவர்களும் விமானம் ஓட்டுபவர்களும் இவ்விதியின்முன் குழந்தைகளாகிவிடுகின்றனர். பூப்பெட்டியைப் பொறுப்பேற்ற மாப்பிள்ளைத் தோழன் தன் விரலிலும் மணமகன் மார்பிலும் குத்திச் சோர்ந்தபின், அவ்வழி வரும் ஏதேனும் ஓர் அத்தை அரை நிமிடத்தில் எல்லாருக்கும் குத்தி முடிக்கிறார். அத்தைக்கு முன்பே தாமாகக் குத்திக்கொண்ட தந்தையருக்கு மட்டும் காம்பு மேலே இருக்கும். அதுமுதல் செண்டிலுள்ள ரோஜா தேவாலய வாயில்வரை நீர்க்குவளையில் இளைப்பாற, கோட்டிலுள்ளது நீரின்றி, மார்புச் சூட்டில், தழுவ வரும் உறவினர் ஒவ்வொருவராலும் நசுக்கப்படுகிறது. அவற்றின் நிறத்தை அதற்குமேல் ஒப்பிடுவது நியாயமாகாது.

அரச குடும்பத்தாரும் இவ்விஷயத்தில் சிறந்த முன்மாதிரிகள் அல்லர். 1923-இல் பின்னாளைய ஆறாம் ஜார்ஜ் மன்னரை மணந்த எலிசபெத் போஸ்-லயன், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துள் நுழைந்ததுமே தம் செண்டைப் பெயரறியாப் போர்வீரனின் கல்லறைமீது வைத்துவிட்டார். முதல் உலகப் போரில் அவருடைய தமையன் ஒருவர் மாண்டிருந்தார். செண்டின்றியே நடந்த அத்திருமணம் மன்னரின் இறுதிவரை நிலைத்தது. 1947-இல் அவர்தம் மகளின் செண்டு திருமண நாளன்றே காணாமற்போனதால், தேனிலவின்போது புதுச்செண்டு வரவழைத்து, மணஉடையை மீண்டும் உடுத்திப் படமெடுக்க நேர்ந்தது. 1981-இல் டயானாவுக்கு, மவுண்ட்பேட்டன் பெயரிலான மஞ்சள் ரோஜாக்களும் சேர்ந்து அருவிபோல் தொங்கிய செண்டு ஒன்றுக்கு இரண்டாகவே செய்யப்பட்டது. அத்திருமணத்தின் பிற்பகுதி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

பொருத்தம் பார்க்கும் இத்தனை மாத உழைப்பின் பலனைக் கடைசியில் தீர்மானிப்பவர் புகைப்படக்காரர். மணமகளின் தாய் செண்டையும் கோட்டுப்பூக்களையும் உருப்பெருக்கிக் காட்டச் சொல்வார் என்பதை நன்கறிந்த அனுபவசாலிகள், ஆல்பத்தில் பாதிப் படங்களைக் கலைநயம் கருதிக் கறுப்பு வெள்ளையில் தருகின்றனர். அவற்றில் எல்லா ரோஜாக்களும் ஒரே சாம்பல் நிறத்தில் அச்சாகப் பொருந்துகின்றன. குறைகாண வேறொன்றும் கிடைக்காதபோதுதான் மணமகளின் தந்தையுடைய ரோஜா தலைகீழாக இருப்பது தாயின் கண்ணில் படுகிறது.