லினக்ஸ் திரையில் புள்ளி மறைவு: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் முதன்மைச் சான்று, ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு திண்ணையில் கிடக்கும் மடிக்கணினி. 2011-இல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் உண்டு. வைரஸ் தாக்கி விண்டோஸ் மாண்டபின் லினக்ஸே குடும்பப் பொறுப்பை ஏற்றது. அதில் மூட்டைக் கணக்கைத் திறந்த பெரியவர் எழுப்பிய வினாவே இத்துறைக்குத் தோற்றுவாய்: "ஏம்ப்பா, நெல்லுக்குத் தலையில புள்ளியக் காணும்?"

"எழுத்தைப் பெருசு பண்ணா வந்துரும் பெரியப்பா" என்று தம்பி மகன் சொன்ன விடையை ஆய்வுலகம் ஏற்பதற்கில்லை.

புள்ளி மறைவது பழுதன்று, மரபு என்பது ஒரு கட்சி. (இக்கட்டுரையாளர் மனசு அந்தப் பக்கம்தான்.) 1010-இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி வந்து பாருங்கள். நிலத்தையும் நெல்லையும் விளக்கையும் கல்லில் கணக்கெழுதிய ராஜராஜனின் ஆட்கள் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். அங்கே 'நெல்' என்பது 'நெல' தான். ஓலையில் எழுதியவர்களும் அப்படியே. அழுத்திக் குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். ஆக, 10 பிக்சல் உயரத்தில் புள்ளியை விழுங்கும் லினக்ஸ், சோழர் கணக்கர்களின் நேர் வாரிசு.

புள்ளி தெரிந்தே ஆக வேண்டும் என்னும் எதிர்க்கட்சி தரங்கம்பாடியிலிருந்து கிளம்புகிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து, 1713-இல் சீகன்பால்குவின் அச்சகத்துக்கு வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. காகிதத்தைத் தின்று தீர்த்தன. எனவே பக்கத்துப் பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளும் இதற்குப் பயன்பட்டன என்று அச்சு வரலாறு சொல்கிறது. எழுத்து சின்னதாகவும் வேண்டும், தெளிவாகவும் வேண்டும் என்கிற பேராசைக்கு டெல்டாவில் வித்திட்டது ஒரு பாலாடைக்கட்டி!

இனி நோய்முதல். லினக்ஸில் பரவலாக உள்ள டேஜாவூ எழுத்துருவில் தமிழே கிடையாது. எனவே ஃபாண்ட்கான்ஃபிக் என்னும் தரகர், தமிழ் உள்ள ஏதோ ஒரு எழுத்துருவைப் பிடித்துத் தள்ளிவிடுகிறார். பிறகு ஃப்ரீடைப் வந்து, வளைவுகளைப் பிக்சல் கட்டங்களுக்குள் இழுத்து நிறுத்துகிறது. இதற்கு ஹிண்டிங் என்று பெயர். ட்ரூடைப் எழுத்துருவுக்குள்ளேயே இதற்கான கட்டளைகள் உண்டு. அவற்றை இயக்கும் முறைக்கு ஆப்பிள் வைத்திருந்த காப்புரிமை 2010-இல் காலாவதியாகும்வரை லினக்ஸ்காரர்கள் தயங்கித் தயங்கித்தான் பயன்படுத்தினார்கள். முழு ஹிண்டிங்கில் ஆங்கில 'எல்' கயிறு பிடித்து நட்ட நாற்றாக நிமிர்ந்து நிற்கும். நம் 'ணை' சுழி நசுங்கிச் சாகும்.

பரிகாரம் எளிது. நோட்டோ சான்ஸ் தமிழையோ மீரா இனிமையையோ நிறுவி, தமிழுக்கு அதுவே முதல் எழுத்துரு என்று ஃபாண்ட்கான்ஃபிக்கில் எழுதிவைக்க வேண்டும். ஹிண்டிங்கை 'ஸ்லைட்' என்று வைத்தால் நெடுக்குவாக்கில் மட்டும் திருத்தும். பக்கவாட்டில் கை வைக்காது. ஆன்டிஅலியாசிங்கை அணைக்கவே கூடாது. புள்ளிக்கு முழுக் கறுப்பு கிடைக்காத இடத்தில் சாம்பல் நிறமாவது கிடைப்பது அதனால்தான்.

மரபுக்கட்சி இன்னும் தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த பெரியவர்களுக்கு யானைத் துதிக்கை வைத்த பழைய 'லை', 'னை'தான் அழகு. அவர்களுக்கென்றே 'லோஹித் தமிழ் கிளாசிக்கல்' இருக்கிறது. பெரியவர் கணக்கில் அதை வைத்துவிடலாம். கல்யாணப் பத்திரிகையை அச்சகத்துக்கு அனுப்பும்போது மட்டும் எழுத்துருவை மறக்காமல் மாற்றிவிடவும்.