பிந்திப் பிறந்த புத்தாண்டு

கேள்வி: 1720 ஏப்ரலில் பெற்றோருக்குத் திருமணம், அதே 1720 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்கிறது ஓர் ஆங்கிலேயத் தேவாலயப் பதிவேடு. பாட்டன் பூட்டனைத் தேடிப் போனவர் இனி முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்?

பதில்: நிமிர்த்தியே வைத்துக்கொள்ளலாம், முந்திப் பிறந்தது பிள்ளையன்று, பிந்திப் பிறந்தது புத்தாண்டே. இங்கிலாந்தில் 1751 வரை சட்டப்படியான ஆண்டு ஜனவரி 1-இல் தொடங்காமல், கன்னி மரியாளுக்கு வானதூதர் மங்களச் செய்தி சொன்ன திருநாளாகிய மார்ச் 25-இல் தொடங்கியதால், 1720 பிப்ரவரி 1720 ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்தே வந்தது. இக்காலக் கணக்கில் அது 1721 பிப்ரவரி. பத்து மாதக் கணக்கு பழுதின்றிப் பொருந்துகிறது. ஆய்வாளர்கள் இத்தகைய நாள்களை 1720/21 என இரண்டு ஆண்டுகளையும் சேர்த்து எழுதுவர். இது இரட்டை ஆண்டுக் குறிப்பு எனப்படும். நாட்காட்டியைத் திருத்திய சட்டப்படி, மார்ச் 25-இல் பிறந்த 1751ஆம் ஆண்டு டிசம்பர் 31-இலேயே, 282 நாள்களில் முடிந்தது. ஆகவே 1751 ஜனவரி என்ற மாதமே அந்நாட்டுச் சட்டக் கணக்கில் இல்லை.

இது வெறும் தேதிச் சிக்கலன்று. எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538-இல் இட்ட ஆணையால் தொடங்கிய இப்பதிவேடுகளே, 1837-இல் அரசின் பிறப்பு இறப்புப் பதிவு வரும்வரை, சொத்தோ உயிலோ இல்லாத ஏழைக் குடும்பம் பலவற்றுக்கு எஞ்சிய ஒரே எழுத்துச் சான்று. அவற்றைப் படியெடுப்போர் ஏட்டிலுள்ள ஆண்டை மாற்றாமல் எழுதி, இக்கால ஆண்டை அருகே குறிக்க வேண்டும்.