அன்பளிப்புக் கத்தி: தோற்றமும் கைமாற்றமும்

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22 அன்று. அதற்கு முந்தைய நாள் அங்கே அடித்த கத்தியைத் திருநெல்வேலிக் கத்தி என்பதா, தென்காசிக் கத்தி என்பதா? இக்கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காததற்குப் பெயர்தான் ஆய்வு இடைவெளி. முனைவர் பட்டத்துக்கு அது தாராளமாகப் போதும்.

வகைப்பாடு

வெட்டரிவாளை அன்பளிப்பாகப் பெற யாரும் ஆசைப்படுவதில்லை. பாளை சீவும் அரிவாளைப் பனையேறி இரவல்கூடத் தரமாட்டார். அரிவாள்மனை சீர்வரிசையோடு போய்விடும். எஞ்சியது கத்தி. அதிலும், குற்றாலச் சீசனில் பலாப்பழம் அறுக்கவென்று மச்சினனுக்குச் சொல்லிச் செய்யும் கத்தியே இக்கட்டுரையின் எல்லை.

தோற்றம்

ஆதிச்சநல்லூரை 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்சாண்டர் ரீ இரும்புக் கருவிகளைக் கண்டெடுத்தார். சிவகளை இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்றது 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை. அங்கிருந்து இன்றைய தென்காசிப் பட்டறைக்கு வந்து சேர 5,300 ஆண்டுகளைத் தாண்டியாக வேண்டும். கருத்தரங்குகளில் அதை ஓர் ‘ஆகவே’ போட்டுத் தாண்டிவிடுகிறார்கள்.

ஆகவே, ஆக்கம்

மூலப்பொருள் பெரும்பாலும் கழித்துப்போட்ட லாரிப் பட்டை. பாரம் ஏறும்போது வளைந்து, இறங்கும்போது நிமிர்ந்து பழகிய அந்த எஃகில் ஏறக்குறைய 0.6 சதவீதம் கார்பன் உண்டு. கத்திக்கு அது போதும். உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து நீட்டி, வாயை மெலிதாக்கி, மறுபடி காய்ச்சி எண்ணெயில் தோய்க்க வேண்டும். ஏறக்குறைய 770 டிகிரி செல்சியஸில் இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகும். தோய்க்கும் சூடு அதற்குச் சற்று மேலே. தோய்த்த எஃகு கடினமாகும், கீழே விழுந்தால் உடையவும் செய்யும். அந்த முரட்டுத்தனம் தணிய, 220 டிகிரியை ஒட்டி மீண்டும் சூடு காட்டினால், தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் வைக்கோல் நிறம் படரும். அங்கே நிறுத்த வேண்டும். நீலம் ஓடிவிட்டால் வாய் இளகிவிட்டது என்று பொருள்.

கொல்லரிடம் வெப்பமானி கிடையாது. நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார். அடிக்குறிப்பு இல்லாத காரணத்தால் அவர் கூற்றை ஆய்வுலகம் ஏற்பதற்கில்லை (பட்டறை வாய்மொழி, காலைப் பதிப்பு).

கைமாற்றம்

ஆய்வின் உயிர்நாடி இனிமேல்தான். உப்பு, மிளகாய், ஊசி, கத்தி இவற்றைக் கையில் கொடுத்தால் உறவு முறியும் என்பது தமிழ் வீடுகள் அறிந்த சட்டம். கையில் கொடுக்கக் கூடாத பொருளை அன்பளிப்பாகக் கொடுப்பது எப்படி? இதில் மூன்று கொள்கைகள் மோதுகின்றன.

‘கீழே வை, எடுத்துக்கிடட்டும்’ என்பது தரைக்கொள்கை. வைத்தவர் கை விலகுமுன் எடுப்பவர் கை பட்டுவிட்டால் அது கைமாற்றமா, தரைமாற்றமா என்பது இன்னும் தீரவில்லை (மேற்படி வாய்மொழி, மாலைப் பதிப்பு, சம்மட்டிச் சத்தத்தில் ஆறு சொற்கள் சிதைவு).

திண்ணைக்கொள்கையினர் தரையில் வைப்பது மரியாதைக் குறைவு என்பர். சாரல் அடிக்கும் மாதத்தில் திண்ணையில் வைத்த கத்தி துருப்பிடிக்கும் என்று இவர்களை மறுப்போர் உளர் (எழுதப்படாத நூலின் திருத்திய மூன்றாம் பதிப்பு, கரையான் அரித்த பக்கம்; அரிக்காத பக்கத்தில் எதுவும் இல்லை).

மூன்றாவது ரூபாய்க்கொள்கை. வாங்குபவர் ஒரு ரூபாய் கொடுத்துவிட்டால் அது கொடையே அல்ல, வியாபாரம், உறவு தப்பிக்கும். ஆங்கிலேயரும் இதே பயத்தில் ஒரு பென்னி கொடுப்பார்கள். செல்போனில் அனுப்பும் ஒரு ரூபாய் செல்லுமா? கையே படாததால் அதுதான் உத்தமம் என்பது ஒரு சாரார் வாதம். நம் ஒரு ரூபாய் நாணயமே துருப்பிடிக்காத எஃகு, எஃகுக்கு எஃகே மாற்று என்பது எதிர்வாதம் (குற்றாலப் பேரருவிக்கரை எண்ணெய்ப் பலகை உரை, அத்தான் பாடம், இதை மைனி பாடம் மறுக்கிறது, அருவி இரைச்சலில் மறுப்பு யாருக்கும் கேட்கவில்லை, எனினும் ‘விரிவுக்குக் காண்க’ என்று எட்டு ஆய்வேடுகள் அதையே காட்டுகின்றன, அவை ஒன்றையொன்று பார்த்து எழுதியவை).

நடைமுறைக் குறிப்பு

1959 ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ தொழிலுக்கோ என்று செய்யப்படாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதம். 2021-இல் தமிழகக் காவல்துறை, அரிவாள், கத்தி வாங்குவோரின் பெயர், முகவரி, காரணம் ஆகியவற்றைக் குறித்து வைக்கும்படி பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் அறிவுறுத்தியது. ஆகவே மச்சினனுக்குக் கத்தி சொல்லப் போகிறவர்கள் 6 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் பலாப்பழம் என்று சொல்லுங்கள். அறுக்குமுன் அலகில் தேங்காயெண்ணெய் தடவச் சொல்லிக் கொடுங்கள், பால் ஒட்டாது.